மழையை லயத்திலேயே அளப்போம்: தோட்டத்தில் மண்சரிவுக் குழு அமைப்பது எப்படி

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது, சனம் வேறிடம் போக வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனம் லயத்து வரிசை வீடுகளில் இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலைநாடு முழுக்கச் சரிந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதும் பல இடங்களில் கரண்ட் இல்லை, போனுக்கு சிக்னல் இல்லை.

கொழும்பிலிருந்து அறிவிப்பு வரத்தான் செய்கிறது. அது பிரதேச செயலகம் வரை, அதிகம் போனால் கிராம உத்தியோகத்தரின் போன் வரை வரும். அங்கிருந்து லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவில் படுத்திருக்கும் பாட்டியின் காது வரையான தூரத்தைத் தோட்டத்துச் சனம்தான் கடக்க வைக்க வேண்டும். இனி வருவதெல்லாம் அந்தத் தூரத்துக்கான வேலை.

யாரைச் சேர்ப்பது

புதிதாகச் சங்கம் தொடங்காதீர்கள். தோட்டத்தில் ஏற்கெனவே மரண உதவிச் சங்கம், கோயில் கமிட்டி, மாதர் சங்கம் எல்லாம் இருக்கின்றன. மரண உதவிச் சங்கத்திடம் எல்லாக் குடும்பத்தின் பெயரும் சந்தாக் கொப்பியில் இருக்கும், அதனால் அதன் கீழ் ஒரு உபகுழுவாக ஆரம்பிப்பதே சுலபம். ஒரு டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு, 10 முதல் 12 பேர் போதும். லயத்துக்கு ஒருவர், அவர் இல்லாத நேரத்துக்கு இன்னொருவர். பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். பகலில் ஆண்கள் பலர் டவுனுக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள், மலையிலும் லயத்திலும் இருப்பது பெண்களும் வயதானவர்களும்தான். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவர் கட்டாயம் குழுவில் இருக்க வேண்டும்.

குழு உடைவதற்கு முதல் காரணம் தொழிற்சங்கப் போட்டி. ஒரு சங்கத்துத் தலைவர் பொறுப்பாளரானால் மற்றச் சங்கத்து லயம் கூட்டத்துக்கு வராது. மழைக்குச் சந்தா கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே பேசிவிட்டு, எந்தச் சங்கத்திலும் தலைவராக இல்லாத ஒருவரைப் பொறுப்பாளராக்குங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியரோ மருத்துவிச்சியோ என்றால் நல்லது. எல்லாத் தலைவர்மாரையும் ஆலோசகர்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குக் கீழே கிராமத்தில் இருக்கும் சிங்களக் குடும்பங்களையும் மறக்க வேண்டாம். தோட்டத்துக் கான் (வடிகால்) தண்ணீர் அவர்கள் வளவுக்குள்தான் போகிறது. அங்கிருந்து ஒருவர் குழுவில் இருந்தால் கான் திருப்பும்போது சண்டை வராது, அந்தப் பக்கத்துச் செய்தியும் நமக்குக் கிடைக்கும்.

கடுதாசி வேலை

முதல் கூட்டம் முடிந்த வாரமே கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். மண்சரிவு எச்சரிக்கை தரும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம், இடர் முகாமைத்துவ நிலையத்தின் மாவட்டப் பிரிவு, பிரதேச சபை, தோட்ட நிர்வாகம் ஆகியவற்றுக்குப் பிரதி. தமிழிலேயே எழுதலாம். கேட்க வேண்டியவை இரண்டே: எங்கள் லயங்களுக்கு மேலுள்ள சரிவை வந்து பார்த்து எழுத்தில் அறிக்கை தாருங்கள், நாங்கள் ஒதுங்க நினைக்கும் இடம் பாதுகாப்பானதா என்று சொல்லுங்கள். விரிசல், சாய்ந்த மரம் ஆகியவற்றின் படங்களைத் திகதியோடு இணையுங்கள்.

பல தோட்டங்களில் இந்தப் பரிசோதனை முன்னமே நடந்து, அறிக்கை ஏதோ ஒரு அலுமாரியில் கிடக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதைக் கேட்டு வாங்கலாம். விண்ணப்பத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். ‘எங்கள் பகுதி’ என்று எழுதினால் ‘அப்படி அறிக்கை இல்லை’ என்று பதில் வர இடமுண்டு. தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மண்சரிவு அபாய வரைபடம் 1:10,000 அளவில் உண்டு. உங்கள் டிவிஷன் அதில் எந்த நிறத்தில் வருகிறது என்பதையும் அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

நிர்வாகத்தோடு பேச வேண்டிய கடினமான விசயம் ஒன்று உண்டு. சிவப்பு எச்சரிக்கை வந்து சனம் மலையை விட்டு இறங்கினால், அந்த நாளுக்குப் பேர் போடுவார்களா (முழு நாள் சம்பளம்), அரைப் பேரா, ஒன்றுமே இல்லையா? இதை மழைக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நாட்கூலி போய்விடும் என்ற பயம் இருக்கும் வரை யாரும் பாதிக் கொழுந்தில் கூடையை இறக்க மாட்டார்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையும் சொந்தப் பொறுப்பில் ‘போங்க’ என்று சொல்லத் தயங்குவார்.

மழைமானி

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்துத்தான் எச்சரிக்கை தருகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. கடந்து மழை தொடர்ந்தால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100 மி.மீ. கடந்தால் செம்மஞ்சள்: வெளியேறத் தயாராகுங்கள். 150 மி.மீ. கடந்தாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. கொட்டினாலோ சிவப்பு: வெளியேறுங்கள். ஆனால் அவர்களின் மானி இருப்பது ஒரு மலைக்கு அப்பால். மேல்கணக்கில் (மேல் டிவிஷனில்) ஊற்றும்போது கீழ்கணக்கில் வெயில் அடிப்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே நம் மலைக்கு நம் மானி.

ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல் ஒன்று எடுங்கள். உடல் நேராக இருக்க வேண்டும், இடுப்பு ஒடுங்கியதும் வரி வரியாக மடிப்பு உள்ளதும் உதவாது. தோள் வளைந்து முடிந்து உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் சுற்றி வெட்டுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, வெட்டிய மேல்பாகத்தைத் தலைகீழாக உள்ளே வைத்தால் புனல். விளிம்பை டேப்பால் ஒட்டுங்கள். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும், அதை அப்படியே விட்டால் முதல் 20, 30 மி.மீ. பொய்க் கணக்கு. சிறு கல்லும் சீமெந்துக் கலவையும் போட்டு அந்த வளைவுகள் மறையும் மட்டத்துக்கு நிரப்பி, மேலே மட்டமாகத் தடவி இரண்டு நாள் காயவிடுங்கள். அந்தச் சீமெந்து முகம்தான் பூச்சியம். பிள்ளைகளின் 15 சென்ரிமீற்றர் பிளாஸ்டிக் அடிமட்டத்தின் பூச்சியக் கோட்டை அங்கே பொருத்திப் பக்கத்தில் ஒட்டுங்கள். காகிதத்தில் கீறிய அளவு ஒரு வாரத்தில் ஊறிப் போகும்.

சரிபார்ப்பது அவசியம். ஒரு நூலைப் போத்தலைச் சுற்றிப் பிடித்து நீளத்தை 3.14ஆல் பிரித்தால் விட்டம். விட்டம் 9 செ.மீ. என்றால் 1 மி.மீ. மழை என்பது கிட்டத்தட்ட 6.4 மில்லிலீட்டர். மருந்துச் சிறிஞ்சால் 64 மில்லிலீட்டர் ஊற்றுங்கள், தண்ணீர் 10 மி.மீ. உயர வேண்டும். 12, 13 என்று காட்டினால் உடல் கீழே ஒடுங்கியிருக்கிறது, வேறு போத்தல் பாருங்கள்.

மானியை நிறுத்தும் இடத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. லயத்துக் கூரை ஓரத்தில் கட்டினால் தகரத் தண்ணீர் தெறிக்கும், சவுக்கு மரத்தடியில் கட்டினால் பாதி மழை இலையில் நிற்கும். பக்கத்தில் உள்ள கூரையின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, நாலடி உயரக் கம்பத்தில், நேராக நிற்கும்படி கட்டுங்கள். 12 அடிக் கூரை என்றால் 24 அடி தள்ளி. காலையில் வேலைக்குப் பேர் பதியக் கூடும் பிரட்டுக்களம் பொதுவாகச் சரியான இடம். முடிந்தால் மேல்கணக்கிலும் ஒன்று வையுங்கள்.

தினமும் காலை 8.30க்கு வாசித்து, கொப்பியில் எழுதி, தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள். வெயில் நாளிலும் ‘0’ என்று எழுத வேண்டும். வெற்று இடத்தைப் பார்த்தால் மழை இல்லையா, ஆள் வரவில்லையா என்று பிறகு தெரியாது. பலத்த மழையில் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். இந்தப் போத்தல் 15 செ.மீ.க்குள் நிரம்பிவிடும், நிரம்பி வழிந்தபின் எழுதிய கணக்கு எதற்கும் உதவாது.

கூட்டுவதிலும் ஒரு பொறி உண்டு. ஓர் உதாரணம்: முதல் நாள் மதியம் வரை வெயில். பின்னேரம் 2 மணிக்கு 12 மி.மீ., 6 மணிக்கு மேலும் 21, இரவு 10க்கு 19, விடியச் சாமம் 2க்கு 16, 5க்கு 14, காலை 8.30க்கு 9. ஆக 91. போத்தலை ஊற்றியாகிவிட்டது. 11 மணிக்குப் பார்த்தால் போத்தலில் 22. பார்ப்பவர் ‘22தானே’ என்று சாக்கைப் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போய்விடுவார். உண்மையில் கடந்த 24 மணித்தியாலத்தில் பெய்தது 113, செம்மஞ்சளைத் தாண்டியாகிவிட்டது. மஞ்சள் எல்லையை 5 மணிக்கே தாண்டிவிட்டது. ஆகவே கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: நேரம், அப்போது அளந்தது, கடந்த 24 மணிக் கூட்டு, அளந்தவர் பெயர். முடிவு எடுக்க வேண்டியது மூன்றாவது நிரலைப் பார்த்து. 9ஆம், 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். இரவு நேர வாசிப்பு மட்டும் பெரியவர்களுடையதாக இருக்கட்டும்.

மலை காட்டும் அறிகுறி

மானி மழையை மட்டுமே சொல்லும். நிலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். லயத்துச் சுவரிலோ தரையிலோ புது விரிசல், திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, சாய்கிற கம்பம், மலையில் புதிதாகக் கசியும் ஊற்று, இவற்றையெல்லாம் லயப் பொறுப்பாளர் கொப்பியில் எழுத வேண்டும். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைத் தனியாகக் கவனியுங்கள். தெளிவாக வந்த பீலி மழையே இல்லாமல் கலங்கினால், அல்லது அடைமழையில் நின்றுபோனால், மலைக்குள் தண்ணீர் வழி மாறியிருக்கிறது. ஆற்றில் மழை நேரத்தில் தண்ணீர் சட்டென்று குறைவது அதைவிட மோசம், மேலே எங்கோ மண் விழுந்து அணை கட்டியிருக்கும். இவை தெரிந்தால் மானி என்ன காட்டினாலும் வெளியேறுங்கள். 40 மி.மீ.யிலும் மலை இறங்கலாம்.

நிலத்தில் விரிசல் இருந்தால் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி எத்தனை சென்ரிமீற்றர் என்று வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். மழைக் காலத்தில் தினமும். சுவர் விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத்தில் சீமெந்துப் பட்டி தடவித் திகதி கீறுங்கள், பட்டி வெடித்தால் சுவர் நகர்கிறது. படம் எடுத்து அறிவித்தபின் நில விரிசலைக் களிமண் இட்டு இடித்து நிரப்பி, மேலே பொலித்தீன் விரியுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுப்பதற்குத்தான் இது, விரிசல் குணமாகிவிட்டதென்று நினைக்கக் கூடாது. மழை கொட்டும்போது விரிசலை அளக்கப் போகவே வேண்டாம்.

கான் வேலை

மேற்குப் பக்கத்து மலைகளுக்கு, அதாவது ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்துக்கு, மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் கானைப் பார்த்துத் துப்புரவாக்க வேண்டும். ஊவாப் பக்கத்துக்குச் செப்டெம்பர் கடைசியில். ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழை இரண்டு பக்கத்தையும் அடிக்கும், ஆகவே மேற்கில் இருப்பவர்களும் செப்டெம்பரில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தேயிலை மலையில் குறுக்குக் கான் 120 அடிக்கு ஓரடி இறக்கம் என்பது பழைய கணக்கு. தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயால் மட்டம் பார்த்து இதை யாரும் செய்யலாம். இறக்கம் குறைந்தால் மண் தங்கும், கூடினால் கானே அரித்து ஓடையாகும். கானுக்குள் தடுப்பு விட்டு, குழி வெட்டித் தண்ணீரைத் தேக்குவது மண்ணைக் காக்கும் நல்ல முறைதான். ஆனால் லயத்துக்கு மேலே, விரிசல் உள்ள சரிவில் அதையே செய்தால் மலைக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பது போலாகும். அங்கே தேக்கக் கூடாது, வழித்து ஓட விட வேண்டும். கானை எங்கே கொண்டுபோய் விடுகிறோம் என்பதையும் பாருங்கள். கல் பாவிய ஓடையில் விடலாம், அடுத்த லயத்தின் முதுகில் விடக் கூடாது.

கூரைத் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 100 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள லயத்துக் கூரையில் 100 மி.மீ. பெய்தால் 18,000 லீட்டருக்கு மேல். பீலித்தகடு இல்லாவிட்டால் அதில் பாதி லயத்தின் பின்பக்கம், வெட்டிய மண் சுவரின் அடியில்தான் விழுகிறது. பின்பக்கம் சீமெந்துக் கான் ஒன்று போதும், ஆனால் அதில் வெடிப்பு இருக்கக் கூடாது. மேலிருந்து இழுத்த கறுப்புக் குழாய்களின் மூட்டுகளைப் பாருங்கள், வருசம் முழுக்கச் சொட்டும் ஒரு மூட்டு அந்தச் சரிவை ஊறிய பாணாக்கிவிடும். குசினியைப் பெருப்பிக்க மலையைச் செங்குத்தாக வெட்டுவதை லயத்துக்குள்ளேயே பேசி நிறுத்துங்கள். ஏற்கெனவே வெட்டியிருந்தால், வெட்டின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள் யாரும் படுக்கக் கூடாது. எட்டடி வெட்டு என்றால் எட்டடி. வெட்டிவேர் நடலாம், மேல்மண்ணைப் பிடிக்கும். ஆழத்தில் நகரும் மலையை எந்தப் புல்லும் நிறுத்தாது.

வெளியேறுவது

ஒதுங்கும் இடத்தை நிபுணர்கள் பார்த்துச் சொன்னபின் முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூடம், கோயில் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது, பல கோயில்கள் ஓடைக்கரையில் இருக்கின்றன. இரண்டு பாதை வேண்டும். ஓடையைக் கடக்கும் பாதை பகலில் குறுக்கு வழி, மழை இரவில் அது பாதையே இல்லை.

சத்தத்தை முன்பே தீர்மானியுங்கள். கோயில் மணி பூசைக்கும் அடிக்கும், தப்பு சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்கும். அதனால் இவற்றை எடுத்தால் தனி அடி வேண்டும். பிரட்டுக்கு அடிப்பது போல் விட்டு விட்டு அடிக்காமல், நிறுத்தாமல் வேகமாக அடிப்பது, கூடவே லயத்துக்கு ஒரு விசில். வாட்ஸ்அப் குழு இருக்கட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள்.

லயப் பொறுப்பாளரிடம் லமினேட் செய்த ஒரு பட்டியல் இருக்க வேண்டும்: காம்பரா இலக்கம், எத்தனை பேர், நடக்க முடியாதவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, அவர்களைத் தூக்குவது யார். ‘பக்கத்து வீட்டார் பார்ப்பார்கள்’ என்று எழுதக் கூடாது, பெயர் எழுத வேண்டும். ஒவ்வொரு காம்பராவிலும் கதவோரம் ஒரு பொலித்தீன் பை: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் காகிதங்கள், வங்கிக் கொப்பி, கிளினிக் கொப்பி, மூன்று நாள் மருந்து, டோர்ச்.

ஒத்திகை இரண்டு வேண்டும், ஒன்று பகலில் கொழுந்து நேரத்தில், ஒன்று இரவில். சத்தம் கேட்டதிலிருந்து கடைசி ஆள் வந்து பெயர் கூப்பிடும் வரை நேரம் பாருங்கள். பகல் ஒத்திகை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குழம்பும்: மலையிலிருந்து தாய்மார் எல்லோரும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுவார்கள். பிள்ளைகளைக் காம்பராக்காரர் நேரே ஒதுங்கும் இடத்துக்குக் கொண்டு வருவார், தாய்மார் அங்கேதான் வர வேண்டும் என்பதை ஒத்திகையில் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள். இரவில் பிரச்சினை ஆடு, மாடு, நகை. மாட்டைப் பின்னேரமே அவிழ்த்து விடுவது என்று முடிவெடுங்கள். காவலுக்கென்று இளைஞர்களை லயத்தில் விட்டுவரவே கூடாது.

நேரம் பற்றி ஒரு கண்டிப்பான விதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் 4 மணிக்குக் கூட்டு 100ஐத் தாண்டி மழையும் விடவில்லை என்றால், சிவப்புக்குக் காத்திருக்காமல் இருட்டுவதற்குள் வயதானவர்களையும் பிள்ளைகளையும் அனுப்புங்கள். சாமத்தில், வழுக்கும் கல்படியில், பாட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவது மழையைவிட ஆபத்து. வீணாக ஒரு இரவு பள்ளிக்கூடத்தில் படுத்தோம் என்று ஏசுபவர்கள் இருப்பார்கள். ஏசட்டும்.

வெளியேறியவுடன் கிராம உத்தியோகத்தருக்கும் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள். காயம் இருந்தால் அம்புலன்சுக்கு 1990. மழை விட்டதும் உலை வைக்க ஓடி வருவதுதான் பிறகு நடக்கும் பெரிய பிழை. ஊறிய மலை மழை நின்று மணிக்கணக்கில், சில வேளை நாட்கள் கழித்தும் இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து உத்தியோகத்தர் பார்த்துச் சரி சொல்லும் வரை லயத்துக்குப் போக வேண்டாம்.

திரும்பி வந்த அன்றே மழைக் கொப்பியின் பக்கங்களையும் முளை அளவுகளையும் படம் எடுத்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எத்தனை மி.மீ.யில் எந்த விரிசல் எவ்வளவு திறந்தது என்று உங்கள் மலைக்கே உரிய கணக்கு அதில் இருக்கிறது. பிறகு போத்தலைக் கழுவி, பாசி பிடித்திருந்தால் தேய்த்து, அடிமட்டம் நழுவவில்லையா என்று பார்த்து, திரும்பக் கம்பத்தில் கட்டுங்கள்.